கேழ்வரகுக் கூழ் புளிக்கவைப்பது எப்படி: முதல் முறை இறங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

வேலூரில் சித்திரை மாதத்தில் காலையில் கரைத்து வைத்த கேழ்வரகு மாவு மாலை விளக்கு வைப்பதற்குள் புளித்துவிடும். மார்கழியில் அதே மாவு, அதே சட்டி, அதே சமையலறை. மறுநாள் காலை வரை அசையாமல் கிடக்கும். கூழ் செய்முறை சொல்பவர்கள் பெரும்பாலும் "இரவு முழுவதும் ஊறட்டும்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். முதல் முறை செய்பவர் கவிழ்வது அந்த ஒரு வரியில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் மற்றவற்றைவிடப் புளிப்பைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

எனக்கு இதில் ஆர்வம் பிறந்தது பீரால் என்றால் வியப்பாக இருக்கும். என் அத்தை மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே சொந்த உபயோகத்துக்கு ஓர் அளவு வரை வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து, 20 டிகிரி அளவில் இரண்டு வாரம் வைப்பான். தொலைபேசியில் அவன் சொல்லச் சொல்ல எனக்கும் கை பரபரத்தது. இங்கே அது கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்; யாரும் முயல வேண்டாம். ஆனால் அவன் சொன்ன படிகள் ஏற்கெனவே எங்கோ பார்த்தவை போலத் தோன்றின. தானியம், தண்ணீர், அடுப்பு, ஆறவைத்தல், கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருத்தல். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஆயா வீட்டில் ஆடி மாதம் முழுக்க இதுதான் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் கூழாக்கும் இதே கேழ்வரகைத்தான் சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் வேகவைத்து, மர்ச்சா என்ற புளிப்பு மருந்தைக் கலந்து, தோங்பா என்ற பீராக்குகிறார்கள். மூங்கில் குவளையில் அந்தத் தானியத்தை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுவார்கள். தானியம் ஒன்று, அதில் யார் குடியேறுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பீரில் ஈஸ்ட் ஆள்கிறது; சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. கூழில் லாக்டிக் அமில பாக்டீரியா ஆள்கிறது. தயிரைப் புளிக்கவைக்கும் அதே குடும்பம். அது தரும் அமிலம்தான் கூழின் சுவை. கெட்டுப்போகச் செய்யும் கிருமிகளை அண்டவிடாமல் கூழைக் காப்பதும் அந்த அமிலமே.

தானியமும் மாவும்

முதல் முறைக்கு மாவுப் பொட்டலம் வாங்காதீர்கள். முழுக் கேழ்வரகாக ஒரு கிலோ வாங்குங்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலும் லாங்கு பஜார் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் செங்கல் நிறத்தில், ஒரே அளவில், தூசு வாடை இல்லாமல் இருக்க வேண்டும். முறத்தில் புடைத்து, பிறகு தண்ணீரில் கல் அரித்தே ஆக வேண்டும். கேழ்வரகில் கலந்திருக்கும் பொடி மணல் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். அரித்ததை நிழலில் பரப்பிப் பிறகு வெயிலில் ஒரு நாள் காயவிட்டு மாவு மில்லுக்குக் கொண்டுபோங்கள். மிளகாய்த் தூள் அரைத்த கையோடு உங்கள் தானியத்தைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவு இயந்திரத்திலிருந்து சூடாக வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு மூடுங்கள். சலிக்க வேண்டாம், புளிக்கவைக்கும் உயிர்கள் உமியும் தோலும் ஒட்டிய பகுதியில்தான் மிகுதி.

முளைகட்டிய கேழ்வரகு மாவைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். என் இரண்டாவது முயற்சியில், சத்து அதிகம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி முளைகட்டிய மாவு வாங்கிக் கூழ் காய்ச்சினேன். அடுப்பில் கெட்டியாக வரவேண்டிய நேரத்தில் அது இளகிக்கொண்டே போனது. இன்னும் மாவு போட்டேன், அதுவும் இளகியது. காரணம் பிறகுதான் புரிந்தது. முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் உண்டாகின்றன. அவை சூடேறும்போது வேகம் பிடித்துக் கஞ்சியைத் தண்ணீராக்கிவிடும். பார்லியை முளைகட்டுவதே இதற்காகத்தான். என் அத்தை மகன் 65 டிகிரியில் ஊறவைப்பதும் அந்த நொதிகளை வேலை வாங்கவே. பீருக்கு வேண்டியது கூழுக்கு வேண்டாம். குழந்தைக்குக் கஞ்சி இளக்கமாக வேண்டுமென்றால் மட்டும் முளைமாவு ஒரு கரண்டி சேருங்கள்.

சட்டியும் தண்ணீரும்

பூச்சு இல்லாத மண் சட்டிதான் நல்லது. பளபளப்புப் பூச்சுள்ள அலங்காரப் பாண்டங்கள் வேண்டாம். சில பூச்சுகளில் காரீயம் இருக்கலாம், புளிப்பு அதை இறக்கிவிடும். அலுமினியம், வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு இவையும் புளிப்புக்கு ஆகாது. மண் சட்டி இல்லாவிட்டால் எவர்சில்வர் போதும்.

புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பிறகு அரிசி கழுவிய நீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, கொட்டிவிட்டு, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். இதைச் சட்டி பழக்குதல் என்பார்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். மண் அதை உறிஞ்சிக்கொண்டு கூழில் கக்கும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். கிருமியைக் கொல்லப் போட்ட மருந்துக்கு நமக்கு வேண்டிய கிருமி எது, வேண்டாதது எது என்று தெரியாது.

மாவு கரைத்து வைத்தல்

நான்கு பேருக்கான அளவு: கேழ்வரகு மாவு 250 கிராம், தண்ணீர் 600 மில்லி. முதல் முறைக்கு இதற்கு மேல் போகாதீர்கள். தவறினாலும் மனம் வலிக்காத அளவு இது.

காலை 7 மணிக்குத் தொடங்குங்கள். மாவில் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, கையாலேயே கரையுங்கள். கரண்டியைவிடக் கை நல்லது; விரல் நடுவே சிக்கும் சின்னக் கட்டிகூடத் தெரியும், அதை அங்கேயே நசுக்கிவிடலாம். இட்லி மாவைவிடச் சற்று இளக்கமான பதம். சட்டியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கூழ் இருந்தாலோ, பக்கத்து வீட்டில் கிடைத்தாலோ, ஒரு கரண்டி வாங்கிக் கலந்துவிடுங்கள். அது விதை. இல்லாவிட்டால் புளித்த இட்லி மாவு ஒரு தேக்கரண்டி. எதுவுமே இல்லாமலும் புளிக்கும், ஆனால் மெதுவாக. உப்பு இப்போது வேண்டாம்.

சட்டியின் வாய்க்கு வேடு கட்டுங்கள். வெளுத்த பழைய வேட்டித் துணி போதும். இறுக்கமான மூடி போடக் கூடாது. என் முதல் முயற்சியில் மேல் மாடி அறையில், கத்திரி வெயிலில், திருகு மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். 30 மணி நேரம் கழித்துத் திறந்தபோது மாவு பொங்கி மூடியில் அப்பியிருந்தது. வாடையும் புளிப்பாக இல்லை, ஊசிய வாடை. முழுவதையும் கொட்டினேன். 250 கிராம் மாவுதான், ஆனால் ஆயா கை தானியம் அது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். எறும்பு வரும் வீடாக இருந்தால் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவே சட்டியை வையுங்கள்.

புளித்ததா என்று அறிவது

சித்திரை, வைகாசியில் எங்கள் காட்பாடி வீட்டில் 8 முதல் 10 மணி நேரம். ஆடியில் 10 முதல் 12. மார்கழி இரவுகளில் 18 மணி நேரம்கூட எடுத்திருக்கிறது. இவை என் சமையலறைக் கணக்கு. உங்கள் வீட்டின் சுவர், கூரை, காற்று வேறு. எனவே கடிகாரத்தோடு மூன்று சோதனைகளையும் செய்யுங்கள்.

முதலில் கண். மாவு அடியில் தங்கி, மேலே மங்கிய தண்ணீர் தெளிந்து நிற்கும். அதன் விளிம்பில் கடுகளவு குமிழிகள் வட்டமாக ஒட்டியிருக்கும். கையால் கலக்கினால் அடியிலிருந்து காற்று கிளம்பி வரும்.

அடுத்து மூக்கு. கரைத்தவுடன் பச்சை மாவு வாடை. மழை நனைத்த மண்ணைப் போல. நான்கைந்து மணி நேரத்தில் அது மங்கி, எந்த வாடையும் இல்லாத ஓர் இடைவேளை வரும். பிறகு இளம் மோர் வாடை. அங்கேதான் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் காடி வாடை, மூக்கின் உள்ளே ஏறும்.

மூன்றாவது காது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காட்பாடியில் தள்ளுவண்டியில் கூழ் விற்கும் ஓர் ஆயா. எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். "நேரத்தை ஏன் கேட்கிறாய் கண்ணு, சட்டியைக் கேள்" என்றார். அவர் வார்த்தைக்கு அர்த்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை வண்டிக்கு அடியில் இருந்த சட்டியின் வேட்டை அவிழ்த்து, என் தலையைப் பிடித்துக் குனியவைத்தார். மாவுக்குள்ளிருந்து மெல்லிய பொறுபொறுப்பு, ஈர மணலில் நண்டு நடப்பது போல. "இப்போது காய்ச்சலாம்" என்று கட்டிவிட்டார்.

கருவி வேண்டும் என்பவர்கள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில், புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளலாம். 4.5க்குக் கீழே காட்டினால் புளிப்பு போதுமானது, பாதுகாப்பும் வந்துவிட்டது. பீர் காய்ச்சுபவர்கள் அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். நமக்கு இந்தத் தாள் அதற்கு ஈடு. நான் முதல் 6 முறை பயன்படுத்தினேன். பிறகு மூக்குக்குப் பழகிவிட்டது.

காய்ச்சுதல்

நொய்யரிசி 100 கிராம் கழுவி வையுங்கள். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் அதன் நொய்யைப் போடுங்கள். எனக்கு அரிசி நொய்யைவிட அதுதான் பிடிக்கும். வெந்தபிறகும் பல்லுக்கு ஓர் இடம் கொடுக்கும்.

அடி கனத்த பாத்திரத்தில் 1.2 லிட்டர் தண்ணீரை உலை வையுங்கள். கொதி வந்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அரிசி நொய்க்கு 12 நிமிடம் போதும். இப்போது தணலைக் குறையுங்கள். புளித்த மாவை அடிவரை கலக்கி, ஒரு கையால் கம்பியாக ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பால் கிண்டுங்கள். இந்த இடத்தில் ஆள் ஒருவர் துணைக்கு இருந்தால் நல்லது. கை நின்றால் கட்டி தட்டும். தட்டிய கட்டி உள்ளே வேகாது.

மேலே தெளிந்த புளித்த நீரைக் கொட்டலாமா என்று கேட்பார்கள். புளிப்பு அதிகமாகிவிட்டது என்றால் பாதியை இறுத்துவிடலாம். இல்லாவிட்டால் சேர்த்தே ஊற்றுங்கள். ருசி அதில் இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் கெட்டிப்படத் தொடங்கும். பெரிய குமிழிகள் தொப் தொப்பென்று வெடித்துத் தெறிக்கும். கேழ்வரகுக் கூழ் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளத் துடுப்பும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

வெந்ததற்கு அடையாளம் நிறமும் விரலும். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக இருந்த மாவு, வேக வேக இருண்டு, ஈரல் நிறத்துக்கு வரும். மேலே ஒரு மினுக்கம் ஓடும். அப்போது விரலைத் தண்ணீரில் நனைத்து மேலாகத் தொட்டு எடுங்கள். ஒட்டினால் வேகவில்லை. ஒட்டாமல், விரல் பட்ட இடம் மட்டும் குழிந்து நின்றால் வெந்துவிட்டது. மொத்தம் 15 முதல் 20 நிமிடம். அவசரப்பட்டு இறக்கினால் மறுநாள் எவ்வளவு மோர் ஊற்றினாலும் பச்சை வாடை போகாது.

இரண்டாவது புளிப்பு

இறக்கியதை ஆறவிடுங்கள். வெந்த சோற்றையோ களியையோ வெதுவெதுப்பாகவே நெடுநேரம் வைப்பது ஆபத்து. சூட்டுக்குச் சாகாத வித்துகளைக் கொண்ட கிருமிகள் அந்த வெதுவெதுப்பில்தான் பெருகும். அதனால் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றுங்கள். கையால் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்ததும், முன்பே எடுத்துவைத்த பழைய கூழ் ஒரு கரண்டியைக் கலந்து மண் சட்டிக்கு மாற்றி வேடு கட்டுங்கள். அடுப்பில் முதல் கூட்டம் முழுக்க மடிந்துவிட்டது; இந்தக் கரண்டிதான் புதுக் குடியேற்றம். அது வேகமாக அமிலத்தை உண்டாக்கினால் வேண்டாத விருந்தாளிக்கு இடம் இருக்காது. மாலை 7 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத் தயார். மார்கழியில் கூடுதலாகச் சில மணி நேரம் கொடுங்கள்.

காலையில் மேல்பரப்பைப் பாருங்கள். வெள்ளையாக மெல்லிய ஆடை போலப் படிந்திருந்தால் அது காற்றுபட்ட ஈஸ்ட். முதல் முறை செய்பவர் அதையும் கொட்டிவிடுவதே நல்லது என்பேன். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சை தெரிந்தால் மேலே வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம். வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். முழுவதையும் கொட்டி, சட்டியை வெந்நீரில் கழுவி இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் நோயிலிருந்து தேறுபவர்களும் இந்த இரண்டாவது புளிப்பு இல்லாமல், காய்ச்சிய அன்றே மோர் விட்டுக் குடிக்கட்டும்.

கரைத்துக் குடித்தல்

இப்படிப் புளித்துக் கெட்டியாக நிற்கும் களியில் ஒரு கைப்பிடியைச் சொம்பில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். நன்றாகக் கரைந்தபிறகு மோர், கல் உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். மோரை முதலில் ஊற்றினால் திப்பி திப்பியாக நிற்கும். கரைத்ததை அன்றே குடித்து முடிக்க வேண்டும். கரைக்காத களியை உருண்டையாக்கித் தண்ணீரில் மூழ்கவைத்தால் கோடையில் மறுநாள் வரை தாங்கும்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, கொத்தவரங்காய் வற்றல், முருங்கைக்கீரைப் பொரியல் எதுவும் ஆகும். என்னைக் கேட்டால் கருவாட்டுக் குழம்பு, அதுவும் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் போட்டது. அந்தக் கத்திரிக்காய் குழம்பில் கரையாமல் நின்று எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். புளித்த கூழுக்கு அந்த எண்ணெய்க் காரம் வேண்டும்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் உண்டு. ஆனால் தானியத்தின் தோலில் உள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. மாவை அன்றன்றே களியாகக் கிண்டித் தின்பதைவிட ஒரு நாள் காத்திருந்து கூழாக்குவதில் லாபம் இதுவும்தான்.

குறை தெரிந்தால்

புளிக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் குளிரோ குளோரினோ காரணம். சட்டியைப் போர்வையால் சுற்றி இன்னும் 4 மணி நேரம் பாருங்கள். 24 மணி நேரமாகியும் மோர் வாடை வராவிட்டால் விட்டுவிடுங்கள். புளிக்காமல் கிடக்கும் ஈர மாவு பாதுகாப்பானதல்ல. புளிப்பு தூக்கலாக இருந்தால் அடுத்த முறை இரண்டு மணி நேரம் குறையுங்கள். இந்த முறைக்கு மோருக்குப் பதில் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் இருந்தால் களியாக இருக்கும்போதே நசுக்கி எடுத்துவிடலாம். சாராய நெடி அடித்தால் ஈஸ்ட் கை ஓங்கிவிட்டது, கொட்டுங்கள்.

அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி நான்கே நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: மாவு கரைத்த நேரம், வெயிலா மழையா, மோர் வாடை வந்த நேரம், மறுநாள் ருசி. ஆடியில் தொடங்கினால் தைக்குள் உங்கள் வீட்டின் கணக்கு கைக்கு வந்துவிடும். என் அத்தை மகனும் இப்படித்தான் ஒவ்வொரு பீருக்கும் ஒரு பக்கம் எழுதுகிறான். போன மாதம் ஊருக்கு வந்தவன் என் தாளைப் படித்துவிட்டு அடுக்களையிலேயே நெடுநேரம் நின்றிருந்தான். திரும்பும்போது 2 கிலோ கேழ்வரகு மாவு கட்டிக்கொண்டு போனான்.

சட்டியில் கடைசிக் கூழைக் கரைக்கும் முன், மோரும் உப்பும் சேராத களியில் ஒரு கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். அடுத்த மாவைக் கரைக்கும்போது பாதியை அதில் போட்டுவிட்டு, மறு பாதியை இரண்டாவது புளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.